பின் சீட்டில் கேட்ட சத்தம்

கொல்கத்தா,
திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய வசுந்தரா அம்மா அவர்களுக்கு, பட்டாபிராமன் எழுதுவது.

அன்று யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று போனில் இரண்டு தடவை கேட்டீர்கள். இரண்டு தடவையும் நான் பாதிதான் சொன்னேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஓட்டும் இடத்தில் நான். என் பக்கத்தில் கிரீஷ். கால் நீளமான பையன், முன் சீட்டைத் தவிர வேறெங்கும் அவனுக்கு முழங்கால் மடங்காது. நடு வரிசையில் இடது ஜன்னலோரம் தேவிப்ரியா, வலது ஜன்னலோரம் ரிஷி. அவர்கள் இருவருக்கும் நடுவே இன்னும் ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம். அங்கே இரண்டு லாப்டாப் பைகளும் ஒரு நனைந்த குடையும் இருந்தன. கடைசி வரிசையில், பின் கதவை ஒட்டி, உங்கள் மகள் சுபிக்ஷா. மொத்தம் ஐந்து பேர். நால்வர் எங்கள் காலால் இறங்கினோம்.

இந்தக் கடிதத்தை நான் எழுதுவதற்குக் காரணம் மெக்கானிக் பிமல். ஐம்பத்தொரு நாளாக உள்ளே இருக்கிறார். வருகிற வியாழக்கிழமை அவருடைய ஜாமீன் மனு மறுபடி வருகிறது. புகார் கொடுத்தவர் நீங்கள். புகாரில் உள்ளது தவறு என்று நீங்கள் அரசு வக்கீலிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவர் வெளியே வந்துவிடுவார் என்று அவருடைய வக்கீல் சொல்கிறார். அது தவறுதானா என்பது உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

நான் குளித்தலையில் பள்ளிக்கூடம் படித்தவன். எங்கள் பள்ளியில் கடிதம் எழுதுவதற்குத் தனி வகுப்பு உண்டு. சொல்ல வந்ததை நடந்த வரிசையில் சொல்ல வேண்டும், நடுவில் அழக் கூடாது என்பார்கள். அந்த வரிசையிலேயே போகிறேன்.

வண்டியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். போலீஸ் ஸ்டேஷன் பின்புறம், மரத்தடியில் நின்றதே, அது. ஏழு பேர் உட்காரும் பெட்ரோல் வண்டி. வாங்கிப் பதினேழு வருஷம். மூன்று லட்சத்து நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர். இந்த வயசு வண்டிக்கு என்னென்ன வரும் என்று என்னைக் கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். காலையில் சாவியைத் திருப்பினால் வெறும் டிக் டிக் சத்தம் மட்டும் வருகிறதா, பாட்டரி போய்விட்டது என்று ஓடாதீர்கள். டெர்மினலில் வெள்ளைப் பூஞ்சைபோலப் படிந்திருக்கும், வெந்நீர் ஊற்றித் தேய்த்தால் போதும். நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடு முள் ஏறுகிறதா, ரேடியேட்டர் விசிறியைப் பாருங்கள். ஓடும்போது ஏறுகிறதா, தண்ணீரைப் பாருங்கள். மழை நாளில் காலையில் கீச்சென்று கத்தினால் பெல்ட். வேகம் கூடக் கூட ஹும்ம் என்று ஒரு முனகல் கூடினால் சக்கரத்து பேரிங். கியர் போட்டு மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்தி வண்டி நகர யோசித்தால் கிளட்ச்.

இதற்கெல்லாம் நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இடப்பக்கம் கோளாறு, வலப்பக்கம் செய்த வைத்தியம், கீழே தேதி. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது என் முறை. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. நோட்டைப் போலீஸ் கேட்கவில்லை. வீட்டில்தான் இருக்கிறது.

என் மனைவி சாவித்ரி போய் நாலு வருஷம் ஆகிறது. அதற்கு முந்தின வருஷம் நான் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றேன். காலையில் எழுந்து காபி போட்டுக் குடித்துவிட்டு, மறுபடி ராத்திரி படுக்கும்வரை யாரும் என் பெயரைச் சொல்லாத நாட்கள் இருந்தன. கிரீஷ்தான் ஒருநாள் கேட்டான். "அங்கிள், தினமும் ஆட்டோ, பஸ், மறுபடி ஆட்டோன்னு செக்டர் ஃபைவ் போறதுக்குள்ள உயிர் போகுது. உங்க வண்டி சும்மாதானே நிக்குது?" அப்படி ஆரம்பித்தது. லேக் மார்க்கெட்டில் என் வீட்டு வாசலில் காலை ஏழே முக்காலுக்குப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். ஆபீஸ்கள் இருக்கும் அந்த சால்ட் லேக் செக்டர் ஃபைவில் அவர்களை இறக்கிவிட்டு, சாயங்காலம்வரை அங்கேயே ஒரு மரநிழலில் பேப்பர் படித்துக்கொண்டு இருந்து, கூட்டி வருவேன். மூன்று வருஷம் ஒரு நாள் தவறவில்லை. அந்த மூன்று வருஷத்தில் எனக்கு ஜுரம்கூட வரவில்லை.

சுபிக்ஷா போன தையில் வந்து சேர்ந்தாள். நீங்கள்தான் முதலில் போன் செய்தீர்கள். "அண்ணா, ஊர் தெரியாத பொண்ணு, உங்களை நம்பித்தான் அனுப்பறேன்" என்றீர்கள். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் என்னை யாரும் அண்ணா என்று கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் என்னை மாமா என்றாள். மற்ற மூவருக்கும் நான் அங்கிள். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் முதல் நாளே, "மாமா, ஆக்சிலரேட்டரை விடும்போது ஒரு சத்தம் வருதே, அது இருக்கணுமா, இருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் அவளுக்கு வேலையே அதுதான், மற்றவர்கள் எழுதியதில் பிழை, அவள் பாஷையில் 'பக்', கண்டுபிடிப்பது. மூன்று வருஷமாக மற்ற பிள்ளைகள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கேட்காத சத்தம் அது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சித்திரையில் அவள் ஒருநாள் எங்களோடு வரவில்லை. மறுநாள் வந்து நடு சீட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"நேத்து மெட்ரோல போனேன். காளிகாட்ல ஏறி, எஸ்பிளனேட்ல மாறினா நேரா செக்டர் ஃபைவ். வீட்டு வாசல்லேர்ந்து சீட்டு வரைக்கும் ஐம்பது நிமிஷம். ஏசி வேற."

"இங்கயும் ஏசி இருக்கும்மா" என்றேன்.

"இங்க ஏசி சத்தம் இருக்கு அங்கிள்" என்றான் கிரீஷ். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"நாம எல்லாருமே மெட்ரோக்கு மாறிடலாமே. மாமாவுக்கும் இந்த டிராஃபிக்ல கஷ்டம் இல்லை" என்றாள்.

என் நன்மைக்குத்தான் சொன்னாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மெட்ரோ எஸ்பிளனேட் வழியாகப் போக ஆரம்பித்தது அதற்கு முந்தின வருஷமே. அதைப் பற்றி யாரும் வண்டிக்குள் பேசவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து தினம் காலையில் பேச்சு அதுவாக ஆனது. ரூபி சிக்னலில் நின்றால் ரிஷி, "இந்நேரம் மெட்ரோல சியால்தா தாண்டிருப்போம்" என்பான். தேவிப்ரியா மாதாந்திர பாஸ் உண்டா என்று போனில் பார்ப்பாள். "அங்கிள் வண்டிய மியூசியத்துல விட்டுட்டு நாம மெட்ரோல போவோம்" என்பான் கிரீஷ். ஆனி பிறந்ததும் மாறிக்கொள்வது என்று அரை மனதாகப் பேசி வைத்தார்கள். பிள்ளைகளைக் கட்டாயப்படுத்துவது என் சுபாவம் இல்லை.

இந்த சமயத்தில்தான் வண்டியில் ஒரு கோளாறு. பெட்ரோல் அதிகம் குடிக்க ஆரம்பித்தது. பின்னால் புகை கறுத்தது. நடு வரிசையில் லேசான வாடை. தேவிப்ரியா இரண்டு நாள் தலைவலி என்றாள். காளிகாட் சந்தில் உள்ள பிமலிடம் கொண்டுபோனேன். பதினாறு வருஷமாக எனக்கு அவர்தான் எல்லாம். வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தவர் கால் மணி நேரம் வெளியே வரவில்லை. வந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். வங்காளத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்; தாதா என்றால் இங்கே அண்ணா:

"தாதா, சைலன்சர் பைப் கடைசி சீட்டுக்கு நேர் கீழே அரித்துப் பிளந்திருக்கிறது. பின் கதவு ஸ்டெப்னி டயரின் கனத்தில் தொங்கிப்போய், சுற்றியிருக்கும் ரப்பர் ஒட்டவில்லை. புகை உள்ளே வருகிறது. வாடை வரும் புகை கெட்டதில்லை; அதோடு வாடையே இல்லாத ஒன்று வரும், அதுதான் ஆளைத் தூங்க வைக்கும். இப்போதைக்குக் கட்டுப் போட்டு விடுகிறேன். புது பைப் வெளியிலிருந்து வர வேண்டும். மூன்று நாள் வண்டியை விட்டுவிடுங்கள். அதுவரை கண்ணாடியை முழுக்க ஏற்றாதீர்கள். பின்னால் யாரையும் உட்கார வைக்காதீர்கள்."

ரசீதில் 'சைலன்சர் வேலை' என்று மட்டும் எழுதினார். அவர் எப்போதுமே அவ்வளவுதான் எழுதுவார்.

மூன்று நாள். நீங்கள் அதை யோசித்துப் பார்க்க வேண்டும். மூன்று நாள் வண்டி இல்லையென்றால் மூன்று நாளும் பிள்ளைகள் மெட்ரோவில் போவார்கள். மூன்று நாள் ஐம்பது நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தவர்கள் நாலாம் நாள் என் வாசலில் வந்து நிற்பார்களா? சனிக்கிழமை கொண்டுவருகிறேன் என்று பிமலிடம் சொன்னேன். சனிக்கிழமை போகவில்லை. அவர் போன் செய்தார். அடுத்த சனிக்கிழமை என்றேன். பைப் வந்து அவருடைய கடையில் சுவரில் சாய்ந்து நின்றது. அதையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இப்படி ஐந்து சனிக்கிழமைகள்.

அப்போது பின் சீட்டில் யாரும் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நடு வரிசையில் மூன்று பேர், முன்னால் இரண்டு பேர். அந்த ஏற்பாட்டில் ஆபத்து இல்லை என்று நான் நினைத்தேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஒருநாள் ரிஷி ஊருக்குப் போவதற்காகப் பெரிய பெட்டியோடு வந்தான். இடம் இல்லாமல் சுபிக்ஷா தானாகவே பின்னால் ஏறிக்கொண்டாள். கரியாஹாட் தாண்டுவதற்குள் தலை ஜன்னலில் சாய்ந்துவிட்டது. செக்டர் ஃபைவ்வரை தூங்கினாள். அன்று வண்டிக்குள் மெட்ரோ பேச்சு எழவில்லை. கிரீஷ் கிரிக்கெட் பேசினான், தேவிப்ரியா எனக்கு அவள் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கைப் பொட்டலத்தோடு நீட்டினாள். பழைய நாட்களைப் போல இருந்தது. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். இடப்பக்கத்தில் 'காலைப் பேச்சு' என்று எழுதினேன். வலப்பக்கத்தில் 'பின் சீட்' என்று எழுதி, தேதி போட்டேன். ஒன்றைத்தான் மாற்றியிருந்தேன். குணம் தெரிந்தது.

காலியாக இருக்கும் நடு சீட்டை விட்டுவிட்டு ஒரு பெண் ஏன் பின்னால் போய் உட்கார வேண்டும்? அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பின் கதவில் ஸ்டெப்னியைப் பிடித்திருக்கும் நட்டு ஒன்றை அரைச் சுற்று தளர்த்தினேன். திங்கட்கிழமை குழியில் இறங்கும்போதெல்லாம் டக் டக்கென்றது.

"சுபி, உன் காதுதான் காது. பின்னால உக்காந்து அது எங்கேர்ந்து வருதுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றியா?" என்றேன்.

அவளுக்கு அவ்வளவு உற்சாகம். "பக் நம்பர் ஒண்ணு" என்று போனில் குறித்துக்கொண்டாள். இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டாள். "மாமா, ஸ்டெப்னி. மேல் நட்டு. பார்ட்டி குடுங்க" என்றாள். முடுக்கினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சீட்டுக்கு அடியில் ஜாக்கியைப் பிடிக்கும் பட்டையைக் கழற்றிவிட்டேன். அதற்குப் பிறகு பின் கதவுக் கொண்டி. அதற்குப் பிறகு இடதுபக்க மட்கார்டின் ஒரு கிளிப். ஒவ்வொன்றாகத்தான். முதல் சத்தத்துக்கு அவளுக்கு இரண்டு நாள் ஆனது, இரண்டாவதற்கு நாலு நாள், மூன்றாவதற்கு ஏழு. காது மந்தமானதால் இல்லை. கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவாள்.

தலைவலி இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். மத்தியானத்துக்குள் சரியாகிவிடுகிறது என்றாள். "உங்க அம்மாகிட்ட சொன்னியா?" என்று கேட்டேன். லாப்டாப் பார்க்கிற தலைவலி, தைலம் தேய்த்துக்கொள் என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னாள். அதை நினைத்து நீங்கள் உங்களையே நொந்துகொள்வதாகப் போனில் அழுதீர்கள். வேண்டாம். உங்களுக்குத் தெரியாது.

இனி அந்த நாள். ராத்திரி முழுக்க மழை. காலையில் ரிஷி, "மெட்ரோல போயிடலாமா அங்கிள், பைபாஸ்ல தண்ணி நிக்குதாம்" என்று போன் செய்தான். வாசலுக்கு வண்டியைக் கொண்டுவந்துவிட்டேன், நீங்கள் வந்தால் போதும் என்றேன். ஏழே முக்காலுக்கு நால்வரும் வந்தார்கள். சுபிக்ஷா கேட்காமலே பின்னால் ஏறினாள். அந்த சீட் அவளுடையதாகவே ஆகிவிட்டிருந்தது.

சிங்ரிகாட்டாவுக்கு முன்னால் எல்லா வண்டிகளும் நின்றுவிட்டன. தண்ணீர் கதவின் கீழ் விளிம்புவரை வந்தது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு: சைலன்சர் வாய் தண்ணீரில் மூழ்கினால் எஞ்சினை அணைக்கக் கூடாது. அணைத்தால் தண்ணீர் உள்ளே ஏறும், மறுபடி ஸ்டார்ட் ஆகாது. எனவே அணைக்கவில்லை. ஒரு மணி நாற்பது நிமிஷம் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. வாய் மூழ்கியதால் புகை பிளந்த இடத்தின் வழியாகத்தான் வெளியேற முடியும் என்பது எனக்குத் தெரியும். கண்ணாடியெல்லாம் மழைக்காக ஏற்றியிருந்தது. கடைசி வரிசைக் கண்ணாடி திறக்கவே திறக்காது. என் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் ஓர் அங்குலம் இறக்கியிருந்தேன். "அங்கிள், தண்ணி தெறிக்குது, ஏத்துங்க" என்றான் கிரீஷ். முன் கண்ணாடியில் ஆவி படிகிறது என்று சொன்னேன். பிமல் சொன்ன நாளிலிருந்து நான் அதை ஏற்றியதே இல்லை.

அவள் கடைசியில் ஏதாவது சொன்னாளா என்று கேட்டீர்கள். ஒன்றும் சொல்லவில்லை, தூங்கிக்கொண்டிருந்தாள் என்றேன். அது சரியில்லை. ஒன்பது பத்துக்குச் சொன்னாள். கடிகாரம் முன்னால்தான் இருந்தது.

"மாமா, நான் கொஞ்சம் கீழ இறங்கி நிக்கட்டுமா? ஒரு மாதிரி சுத்துது."

பின் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். நான் இறங்கிப் போய்த் திறக்க வேண்டும். இறங்கி நின்றால் அவள் தெளிந்துவிடுவாள். மற்றவர்களும் இறங்குவார்கள். எதனால் என்று கேட்பார்கள். சாலையின் அந்தப் பக்கம் மெட்ரோவுக்காகப் போட்ட தூண்கள் தெரிந்தன.

"வெளியில முழங்கால் தண்ணி, கரண்ட் கம்பி எங்கயாவது கிடக்கும். உள்ளேயே இரும்மா. கண்ணை மூடிக்கோ, போய்ச் சேந்துடலாம்" என்றேன்.

"சரி மாமா" என்றாள். அதுதான் கடைசி.

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்தேன். இரண்டாவது தடவை பார்த்தபோது போன் அவள் மடியிலிருந்து நழுவி விழுந்திருந்தது. அவள் எடுக்கவில்லை.

செக்டர் ஃபைவில் இறங்கினதும் கிரீஷ் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். தேவிப்ரியா தலையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்தாள். நான் பின் கதவைத் திறந்தேன். கன்னமெல்லாம் சிவந்து, குழந்தை மத்தியானத் தூக்கத்தில் இருப்பதைப் போல இருந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் என்ன வாயு என்று கண்டுபிடித்தார். எனக்கும் தலைவலி இருந்ததால் என்னையும் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவனாக எழுதிக்கொண்டார்கள். படுக்கை கொடுத்தார்கள். நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள். மறுக்கத் தோன்றவில்லை.

நீங்களும் உங்கள் தம்பியும் வந்து மூன்று நாள் என் வீட்டில் தங்கினீர்கள். சாவித்ரிக்குப் பிறகு அந்த அடுப்பில் மூன்று பேருக்குக் காபி கொதித்தது அப்போதுதான். இரண்டாம் நாள் நீங்கள் அவளுடைய போனைக் கொண்டுவந்து காட்டினீர்கள். "அண்ணா, 'மாமா வண்டி'ன்னு ஒரு லிஸ்ட் போட்டிருக்கா. கடைசியில 'இன்னிக்கும் சத்தம் புடிபடல, தூங்கிட்டேன், மாமாகிட்ட ஸாரி சொல்லணும்'னு எழுதியிருக்கா. இது என்ன அண்ணா?" என்றீர்கள். விளையாட்டு என்றேன். வண்டியின் மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம் என்றேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள்.

அன்று சாயங்காலம் உங்கள் தம்பி, யார் மேல் புகார் கொடுப்பது என்று கேட்டார். பிமலின் ரசீதை எடுத்து வைத்தேன். சைலன்சர் வேலை என்று வங்காளத்தில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினேன். சரி பண்ணிவிட்டேன் என்று சொல்லித்தான் கொடுத்தார் என்றேன். புகாரை ஆங்கிலத்தில் நானே எழுதினேன். நீங்கள் என் சாப்பாட்டு மேஜையில், நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டீர்கள். உயிர் போகும் என்று தெரிந்தே அந்த வேலையை அப்படி விட்டார் என்று ஒரு வரி அதில் இருக்கிறது. வெறும் கவனக்குறைவு என்று எழுதியிருந்தால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைத்திருக்கும். அந்த வரியால்தான் அவர் உள்ளே இருக்கிறார். எழுதும்போது எனக்கு அந்த வரி இயல்பாக வந்தது. யாரைப் பற்றிய வரி என்று அப்போது யோசிக்கவில்லை.

நேற்று பிமலின் மனைவி மாலதி வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றாள். சத்தம் போடவில்லை.

"தாதா, அந்த பைப் இன்னும் கடைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. உங்கள் வண்டி நம்பரை அவர் சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறார். வேறு யார் வண்டிக்கும் அது பொருந்தாது. எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் சரி பண்ணி முடித்த வண்டிக்கு யாராவது புது பைப் வாங்கி வைப்பார்களா?" என்றாள்.

டீ சாப்பிடு என்றேன். அவருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை ஒழுங்காகப் போகிறதில்லை, ஆள் பாதியாகிவிட்டார், வியாழக்கிழமை கோர்ட்டுக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றாள். போகும்போது, என் வண்டி எப்போது திரும்பிக் கிடைக்கும் என்று விசாரித்துவிட்டுப் போனாள். வேறு யாரும் விசாரிக்காத அந்த ஒரு விசாரிப்புதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

ஆகவே எழுதிவிட்டேன். பிமல் மேல் குற்றம் இல்லை. அவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். உங்கள் மகளைப் பின்னால் உட்கார வைத்தது நான். சத்தத்தை உண்டாக்கியது நான். இறங்குகிறேன் என்று கேட்டவளை இறங்க விடாதது நான். அவளைக் கொன்றவன் நான்தான். ஆனாலும் ஒன்று மட்டும் நீங்கள் நம்ப வேண்டும், அவளுக்கு நான் கெடுதல் நினைக்கவில்லை. அவள் காலையில் கொஞ்ச நேரம் தூங்கினால் போதும் என்று மட்டுமே நினைத்தேன். மூவரும் இப்போது மெட்ரோவில்தான் போகிறார்கள். கிரீஷ் ஒருநாள் மார்க்கெட்டில் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். கூட்டத்தில் கவனித்திருக்க மாட்டான்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் வரிசை தவறிவிடும். போலீஸ் ஸ்டேஷன் என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. ஆனால் முதலில் தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றவருக்கு முதலில் சொல்வதுதான் முறை என்று பட்டது. அங்கே நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

இந்தக் கடைசி வரிகளைத் தபால் ஆபீசில் நின்றுகொண்டு எழுதுகிறேன். இங்கே மேஜை ஆடுகிறது, எழுத்து கோணினால் மன்னிக்கவும். "ஸ்பீட் போஸ்ட்டா, சாதாரணமா காகு?" என்று கவுன்ட்டரில் இருக்கும் பெண் கேட்டாள்; காகு என்றால் இங்கே சித்தப்பா. ஸ்பீட் போஸ்ட் என்றால் பட்டுக்கோட்டைக்குப் புதன்கிழமை போய்விடுமாம். சாதாரணத் தபால் ஏழெட்டு நாள் ஆகுமாம். இவ்வளவு பெரிய விஷயத்தை அவசர அவசரமாக உங்கள் வாசலில் கொண்டுவந்து போடுவது நாகரிகமாகத் தோன்றவில்லை. சாதாரணத் தபால்தலை வாங்கி ஒட்டியிருக்கிறேன். வியாழக்கிழமை தப்பினால் பிமலுக்கு இன்னொரு தேதி கொடுப்பார்கள். கோர்ட்டில் தேதிக்குக் குறைவில்லை. உண்மையை ஒளிக்காமல் எழுதியாகிவிட்டது. உறைக்குப் பசை தடவிவிட்டேன், காய்வதற்குள் மூட வேண்டும். பெட்டியில் போட்டுவிட்டால் இதில் என் கையில் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
பட்டாபிராமன்